கடம்பூர் கேட்டடியிலிருந்து ஒரு பிடி மண்

காலை ஐந்தே முக்காலுக்குக் கழுகுமலைப் பஸ் நிலையத்தில் கோவில்பட்டி வண்டி வந்து நின்றது. பங்குனி மாதம். அந்த நேரத்துக்கே காற்றில் குளிர்ச்சி இல்லை. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்கள் முன்படி வழியாக ஏறி இடம் பிடித்துவிட்டார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து எழுந்தாள்.

"உக்காருங்க ஆச்சி. நான் பாதி வழியில எறங்கிருவேன்."

"நான் நிக்க மாட்டாதவ இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். எழுபது வயதானாலும் அதைச் சொல்லாமல் உட்கார எனக்கு மனம் வராது. இருபது கிலோமீட்டர் சொச்சம் தூரம். டிக்கெட் ஆறு ரூபாய்.

நான் கிளம்பிய காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். முந்தின நாள் எதிர்வீட்டு மளிகைக் கடைப் போனில் சுடலைமுத்து கூப்பிட்டான். அவன் என் பிறந்த ஊர்க்காரன். பட்டாளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்து, கோவில்பட்டியில் வாடகைக் கார் ஓட்டுகிறான்.

"பெரியம்மா, பம்பாயில இருந்து ஒரு அம்மா வந்திருக்காவ. அவிய தாத்தா நம்ம ஊரு ரயில்வே கேட்டுல வேல பாத்தவராம். அங்கன எங்கயோ அவிய பாட்டியப் பொதைச்சிருக்காம். அந்த எடத்தைத் தேடுதாவ. ரெண்டு நாளா அலையுதோம், ஒருத்தருக்கும் தெரியல. ஒங்களுக்கு எதும் நெனவு இருக்கா?"

எனக்கு நினைவு இருந்தது. அறுபது வருடத்துக்கு மேலாக இருந்தது. போனில் சொல்கிற காரியம் இல்லை. "நானே வாரேன்" என்றேன்.

ஆறே முக்காலுக்குக் கோவில்பட்டியில் இறங்கினேன். சுடலைமுத்து வெள்ளை அம்பாசிடரைத் துடைத்து நிறுத்தியிருந்தான். பின் இருக்கையில் அந்த அம்மாள். ஐம்பது வயது இருக்கும். தலையில் துப்பட்டா, மடியில் கைப்பை. பெயர் ஸலீமா, பம்பாயில் கல்லூரி வாத்தியார் என்று சொன்னான். அவள் வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோய் வணங்கினாள். நான் கும்பிட்டேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. சுடலைமுத்துவின் பட்டாளத்து இந்தியை நம்பித்தான் நாங்கள் இருவரும் அன்று முழுவதும் பேசினோம்.

"இவிய அப்பா யாருன்னு தெரியுமா பெரியம்மா? ஹனீப் கடம்பூரி" என்றான். பெயரைச் சொல்லும்போது ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"சினிமாவுக்குப் பாட்டு எழுதினவரு. உருதுல பெரிய கவிஞர். போன வருசம் மவுத்தாயிட்டாரு. பனியில நாங்க காவல் நிக்கும்போது, ரேடியோவுல இவரு பாட்டு வந்தா பஞ்சாபிக்காரன், பீகார்க்காரன், அஸ்ஸாம்காரன் எல்லாவனும் பேச்ச நிறுத்திருவான். இருபது வருசம் இவரு பாட்டக் கேட்டிருக்கேன். இவரு நம்ம கடம்பூருன்னு எனக்கு முந்தாநாளு வரைக்கும் தெரியாது."

உருதுக் கவிஞர்கள் தங்கள் பெயரோடு பிறந்த ஊரையோ வளர்ந்த ஊரையோ சேர்த்துக்கொள்வார்களாம். அது அவர்களிடம் உள்ள வழக்கம். கடம்பூர்க்காரர் என்பதால் கடம்பூரி. வடக்கே உள்ளவர்கள், கடம்பூர் என்பது தங்கள் பக்கத்தில் கங்கைக் கரையில் எங்கோ இருக்கிற ஊர் என்று நினைத்துக்கொண்டார்களாம். அவரும் திருத்தவில்லை என்று ஸலீமா சொன்னாள்.

ஏழு மணிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். கடம்பூருக்கு இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். நாள் வாடகை நானூறு ரூபாய் என்று பேசியிருந்தானாம். அன்று மாலை சென்னை வண்டியில் ஸலீமா புறப்பட்டாக வேண்டும். அங்கிருந்து பம்பாய் வண்டி. அவள் அப்பா இறந்து வருடம் திரும்ப நான்கு நாள்தான் இருந்தது. தன் தாயை அடக்கிய இடத்திலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து தன்மேல் போட வேண்டும் என்பதுதான் அவர் கடைசியாகக் கேட்டது. வீடு, பணம், புத்தகம் எதைப் பற்றியும் கடைசி நாட்களில் அவர் பேசவில்லையாம்.

ஊரைத் தாண்டியதும் இருபுறமும் கரிசல். பருத்தி எடுத்து முடித்து, மல்லியும் உளுந்தும் அடித்து முடித்து, நிலம் வெறுமையாகக் கிடந்தது. பங்குனியில் கரிசல் வெடித்துவிடும். அந்த வெடிப்பில் கையை விட்டால் முழங்கை வரை உள்ளே போகும். தூரத்தில் ஆட்டுக்கிடைகள் தெரிந்தன. ஸலீமா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். அப்பா இதைக் கருப்புக் கடல் என்று சொல்வார், நான் கவிதைக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன் என்றாள்.

அவர் வாழ்ந்த கதையை வழியெல்லாம் சொல்லிவந்தாள். தாய் இறந்த அடுத்த வருடம் தகப்பனாருக்கு வடஆர்க்காட்டுப் பக்கம் மாற்றலாகிவிட்டது. தகப்பனாரும் போனபிறகு பதினேழு வயதில் பம்பாய். துணி மில்லில் வேலை. மில்லுக்குப் போகும் ரயிலில், டிக்கெட்டின் பின்புறத்தில் எழுதுவாராம். பெயர் வந்து, கார் வந்தபிறகும், பாட்டு வராவிட்டால் மூன்றாம் வகுப்பில் ஏறி இரண்டு ஸ்டேஷன் போய்த் திரும்புவாராம். அவர் இறந்த அன்று அந்தப் பகுதியில் டீக்கடைகளில் எல்லாம் தாமாகவே வேறு பாட்டை நிறுத்திவிட்டு அவர் பாட்டை மட்டும் போட்டார்களாம்.

நான் கேட்டுக்கொண்டே வந்தேன். அவரை எனக்குத் தெரியும் என்று இன்னும் சொல்லவில்லை. எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது அவருக்கு ஒன்பது. கேட்டுக்காரர் மகன் அனீப்பு. எங்கள் ஆட்டுப்பால் குடித்தவர். மூக்கு ஒழுகிக்கொண்டு தண்டவாளத்தில் காது வைத்து, வண்டி எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று சொல்லுவார். அந்தப் பையன்தான் இந்தத் தேசத்தையே பாட வைத்தவர் என்பதை என் மனம் எட்டிப்பிடிக்க நேரம் எடுத்தது.

"அந்தப் பாட்டச் சொல்லு சுடலை. நீ பனியில கேட்டியே, அதுக்கு என்ன அர்த்தம்?" என்றேன்.

"ஒண்ணு ரொம்பப் பெரிய பாட்டு பெரியம்மா. ஏரியில படகு போகும், கதாநாயகன் அவளப் பாத்துப் பாடுவான். நம்ம பேச்சுல சொன்னா, 'ஊரு மந்தையெல்லாம் படுத்துத் தூங்கியாச்சு, ஒரு சாண் நெலத்த மட்டும் யாரோ படுக்காம விட்டு வச்சிருக்காவ, காத்தே, அந்த யாரோவுக்கு என் சலாமச் சொல்லு.' அப்படி வரும். நாங்க எல்லாவனும், காதலிக்கு எடம் விட்டு வச்சிருக்கான்னு நெனச்சு ஊருல இருக்க பொண்டாட்டிய நெனப்போம்."

காரின் கதவுப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அந்த யாரோ, என்னைப் பெற்ற அய்யா.

பிறகு அவர்களிடம் சொல்ல ஆரம்பித்தேன். எங்களுக்கு ஆடுதான் தொழில். அறுப்பு முடிந்த காட்டில் கிடை போடுவோம். இருநூறு முந்நூறு ஆட்டை ஒரே இடத்தில் இரவில் படுக்க வைத்தால் அதன் சாணியும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். காட்டுக்காரர் தானியம் கொடுப்பார். மறுநாள் கிடையை அடுத்த இடத்துக்கு நகர்த்த வேண்டும். இப்படி ஒரு சாண் விடாமல் காடு முழுவதும் படுக்க வைத்தால்தான் கூலிக்கு நியாயம்.

அந்த வருடம் சித்திரையில் வாந்திபேதி வந்தது. கேட்டுக்காரர் பெண்சாதி ஒரே பகலில் போய்விட்டார். நோய்ப் பிணம் என்று ஊர் வழியாகக் கொண்டுபோக விடவில்லை. பக்கத்துக் காட்டில் கிடை போட்டிருந்த என் அய்யாதான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார். அய்யாவும் கேட்டுக்காரரும் சேர்ந்து, தண்டவாளத்துக்குக் கிழக்கே உடைமரத்தின் பக்கத்தில் குழி வெட்டினார்கள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதன்பிறகு நாற்பது நாள் அந்தப் பையனுக்கு எங்கள் வீட்டுக் கம்பங்கஞ்சி. மாற்றலாகிப் போகிற அன்று அவர் அய்யாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான்: அம்மா மேல ஆடு படுக்கக் கூடாது.

அய்யா படுக்க விடவில்லை. ஒவ்வொரு வருடமும் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுக் கிடையை நகர்த்தினார். காட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். அங்கே மட்டும் ஏன் விட்டீர் என்றார். பொய் சொல்ல அய்யாவுக்கு வராது, உண்மை சொல்லப் பயம். "அங்கன ஆடு படுக்காது" என்று மட்டும் சொன்னார். நாலு வருடம் போனதும் மற்றக் கிடைக்காரர்களும் அந்த இடத்தை விட்டார்கள். ஆடு படுக்காத இடத்தில் என்ன இருக்கும் என்று ஊர் யோசித்தது. ஆடுமாடுகளுக்குக் கோமாரி நோய் வந்த வருடம் ஒருவர் அங்கே போய் வேண்டிக்கொண்டார், அவர் மந்தை தப்பித்தது. பீடம் எழும்பிவிட்டது.

நான் இதைச் சொல்லி முடிக்கும்முன் சுடலைமுத்து காரைப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டான். திரும்பி என்னைப் பார்த்தான்.

"பெரியம்மா, நம்ம கேட்டடி அம்மனையா சொல்லுதீங்க?"

"ஆமா."

"எம் பிள்ளைக்கு அங்கனதான் முடி எடுத்தேன்."

"எனக்குத் தெரியும்லே. அந்த வருசம் மொதப் பொங்கல் வாங்கினவளே நாந்தான்."

அவன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து முகத்தில் ஊற்றிக்கொண்டான். ஸலீமா, என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவனுக்கு இந்தி வர வெகுநேரம் ஆனது. வந்தபிறகு அவள் என் கையை எடுத்துத் தன் இரண்டு கண்ணிலும் வைத்துக்கொண்டாள்.

எட்டரை மணிக்குக் கடம்பூர் ஸ்டேஷன். ஒரு பாசஞ்சர் போய்விட்டதால் பிளாட்பாரம் காலியாகக் கிடந்தது. மஞ்சள் பலகையில் தமிழ், இந்தி, இங்கிலீஷ் மூன்றிலும் ஊர்ப் பெயர். நான் எழுத்துக் கூட்டப் படித்தது ஐம்பது வயதுக்குமேல். என்றாலும் யாரும் சொல்லாமல் நானே வாசிப்பேன். தமிழை நான் வாசித்தேன், இந்தியை அவள் வாசித்தாள். இருவர் வாயிலும் ஒரே ஊர் வந்தது. பலகையின் சிமெண்ட் தூணை அவள் தொட்டுக்கொண்டு நின்றாள்.

அங்கேதான் இன்னொன்றையும் சொன்னாள். இருபது வருடத்துக்கு முன் ஒருமுறை அவர் வந்திருக்கிறார். தெற்கே ஒரு வேலையாகப் போனவர், அங்கிருந்து மணியாச்சி ஜங்ஷன் வரைக்கும் வந்து, இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பிவிட்டார். ஒரு ஸ்டேஷன் தூரம்தான். உழுது பருத்தி போட்டிருப்பார்கள், அதைப் பார்ப்பதைவிடப் பார்க்காமல் இருந்துவிடலாம் என்று மனைவியிடம் சொன்னாராம்.

அந்த ஒரு ஸ்டேஷனையும் அவர் தாண்டி வந்திருந்தால், தன் தாய்க்கு வாரம் தவறாமல் விளக்கு எரிவதைப் பார்த்திருப்பார். ஊரே பொங்கல் வைப்பதைப் பார்த்திருப்பார்.

அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் மண்பாதை. காரின் பின்னால் கருப்புப் புழுதி எழுந்தது. சுடலைமுத்துதான் முதலில் பேசினான்.

"பெரியம்மா, ஒங்க தம்பி பிடிமண்ணு குடுப்பாரா?"

அதுதான் என் கவலையும். என் தம்பி இருளப்பன்தான் அங்கே பூசாரி. அய்யாவுக்குப் பிறகு முப்பது வருடமாக அவன் பூசை. அந்தச் சாவுக்கு இரண்டு வருடம் கழித்துப் பிறந்தவன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அய்யா என்னிடம் மட்டும்தான் பேசினார். "சொன்னா தோண்டிருவானுவ. சொல்லாட்டாக் கும்பிடுவானுவ. கும்பிட்டா ஆடு படுக்காது. நீ வாயத் தொறக்காத" என்றார். நான் திறக்கவில்லை. இன்று திறந்தால் ஊர் என்ன செய்யும், கோயில் நிற்குமா, தம்பி என் முகத்தில் விழிப்பானா என்று எனக்குத் தெரியவில்லை. திறக்காவிட்டால் இவள் வெறுங்கையோடு போவாள்.

ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம். பழைய கேட்டு வீடு இடிந்துபோய்ப் பல வருடமாகிறது. உடைமரத்தின் கீழ் சுண்ணாம்பு அடித்த பீடம், ஒரு மணி, ஒரு விளக்கு மாடம். வியாழக்கிழமை ஆனதால் இருளப்பன் பெருக்கித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். இந்த அம்மனுக்கு விளக்கு வியாழன் மாலையில்தான், தர்காவில் ஏற்றுகிற கிழமை. கிடா வெட்டுக் கிடையாது. இரண்டும் அய்யா வைத்த சட்டம். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "அவளுக்கு அதுதான் ஆகும்" என்பார்.

"வாக்கா. என்ன கார்ல வந்து எறங்குத, லாட்டரி விழுந்திருச்சா?" என்றான் இருளப்பன்.

"ஒனக்கு விருந்தாளி கூட்டியாந்திருக்கேன். பம்பாய்ல இருந்து வந்திருக்காவ. பிடிமண்ணு கேக்காவ."

அவன் விளக்குமாற்றைக் கீழே போட்டான். வாசிக்கிறவர்களுக்குப் பிடிமண் தெரியாமல் இருக்கலாம். எங்கள் பக்கத்தில் ஒரு கூட்டம் வெளியூர் போய்க் குடியிருந்தால், தங்கள் சாமியின் பீடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப்போய் அங்கே கோயில் வைப்பார்கள். மண்ணோடு சாமியும் வரும் என்பது நம்பிக்கை. அதனால் அந்தச் சாமிக்கு உரிமைப்பட்ட ரத்தத்துக்குத்தான் கொடுப்பார்கள். பூசாரி சாமியைப் பெயர் சொல்லி அழைத்து, யாரோடு எங்கே போகவேண்டும் என்று சொல்லி, எடுத்துக் கொடுக்க வேண்டும்.

"இவிய எந்தக் கூட்டம்? நம்ம அம்மனுக்கு இவியளுக்கு என்ன பாத்தியத?" என்று கேட்டான். "சும்மா தூக்கிக் குடுத்தா அம்மா கூடப் போயிருவா. நாளைக்கு மந்தையில ஒரு குட்டி செத்தாலும் ஊரு எங் கழுத்தப் பிடிக்கும். போட்டோ எடுத்துக்கிடச் சொல்லு, மண்ணு கெடையாது."

"ஏலே இருளப்பா, செத்த ஒக்காரு."

"நான் நின்னுக்கிட்டே கேப்பேன், சொல்லு."

நின்றுகொண்டே கேட்டான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வாந்திபேதி, குழி, அந்தப் பையன் கேட்டது, அய்யா எனக்குச் சொன்னது. அவன் முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

"நீ பொய் சொல்லுத."

"அய்யா வெட்டுன குழிலே. தண்ணி கொண்டு குடுத்தவ நான்."

"அப்போ முப்பது வருசமா நான் யாருக்குப் பூச வச்சேன்?"

"இவ பாட்டிக்கு."

"வருசா வருசம் மொதப் பொங்கலக் கைநீட்டி வாங்கினியே, அப்ப இதச் சொல்லியிருக்கலாம்லா?"

எனக்குச் சுருக்கென்றது. பூசாரி வீட்டு மூத்த மகள் என்று, கொடைத் திருவிழா அன்று மேளம் என் முன்னால் வரும். முதல் பானைப் பொங்கல் என் கையில்தான். அதை நான் விரும்பி வாங்கியிருக்கிறேன். "சொல்லியிருக்கலாம், சொல்லல" என்றேன். "அந்த மரியாத எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அதுக்கு நான் தலகுனியுதேன். ஆனா அய்யா வாக்குக்கு நான் மாறல. இன்னைக்கு மாறுதேன், இவளுக்காக. அந்த மொதப் பொங்கல இனிமே நீ யாருக்கு வேணும்னாலும் குடு."

ஸலீமா எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. பீடத்தைச் சுற்றி வந்து நின்றாள். மற்ற அம்மன் பீடங்கள் போல இல்லாமல் இது ஆள் நீளத்துக்கு வடக்கு தெற்காக இருக்கும். விளக்கு மாடம் வடக்கில், தலைமாட்டில். அம்மன் பார்வை மேற்கே. அவள் சுடலைமுத்துவிடம் ஏதோ கேட்டாள். "எங்க சனங்கள எப்படிப் படுக்க வைப்போமோ, அப்படியே இருக்குன்னு சொல்லுதாவ" என்றான் அவன். அவளுக்குச் சந்தேகம் போய்விட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே ஏந்தி, உதடு மட்டும் அசைய ஓதினாள். இருளப்பன் மணியின் கயிற்றில் கை வைத்திருந்தான், அடிக்கவில்லை.

அப்போது மேய்ந்துகொண்டிருந்த மந்தையிலிருந்து ஒரு குட்டியும் தாயாடும் நிழல் தேடி வந்தன. தாயாடு பீடத்தின் ஓரத்தில் முன்காலை மடக்கியது.

"ஏய், த்தூ, அங்கன படுக்காத, போ அங்கிட்டு" என்று இருளப்பன் ஓடினான். கோபத்தில் இருந்தவன், எங்களை மறந்து, கையை வீசிக்கொண்டு ஓடி அதை விரட்டினான். பழக்கம். முப்பது வருடமாகத் தினமும் செய்கிற வேலை.

ஸலீமா ஓதுவதை நிறுத்தி அவனையே பார்த்தாள். அவன் என்ன சொன்னான் என்று சுடலைமுத்துவிடம் கேட்டாள். அவன் சொன்னான். அவள் அப்படியே வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுததை நான் எழுத வேண்டியதில்லை.

இருளப்பன் தாயாட்டின் காதைப் பிடித்தபடி நின்றான். அவள் ஏன் அழுகிறாள் என்று அவனுக்குப் புரிய நேரமாகவில்லை. ஆட்டை விட்டுவிட்டு வந்தான். குரல் மாறியிருந்தது.

"பேரு என்னன்னு கேளு சுடல."

"யாரு பேரு?"

"பாட்டி பேருலே. பேரு இல்லாம எப்படிக் கூப்பிட? இம்புட்டு நாளும் கேட்டடி அம்மா, கேட்டடி அம்மான்னு அவ புருசன் வேல பாத்த எடத்தச் சொல்லிக் கூப்பிட்டிருக்கேன்."

எனக்கும் அந்தப் பெயர் தெரியாது. நாங்கள் கேட்டுக்காரம்மா என்றுதான் சொல்லுவோம். ஸலீமா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "ஜொஹரா பீ."

இருளப்பன் அதை நாலைந்து முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். சரியாக வருகிறதா என்று அவளிடமே சொல்லிக்காட்டித் திருத்திக்கொண்டான். பிறகு மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, விளக்கேற்றி, மணியை அடித்தான்.

"ஜொஹரா பீ அம்மா, ஒம் மகன் கூப்பிடுதான். ஒம் பேத்தி வந்திருக்கா. அவ கையப் பிடிச்சுக்கிட்டுப் பம்பாய்க்குப் போ தாயி. அங்கனயும் இரு, இங்கனயும் இரு. எங்கள விட்டுராத."

தலைமாட்டில் ஒரு வெடிப்பில் கையை விட்டு, உள்ளே பொடியாக இருந்த மண்ணை எடுத்தான். அவள் தன் அப்பாவின் வெள்ளைக் கைக்குட்டையை விரித்தாள். ஒரு பிடி போட்டு முடிச்சாகக் கட்டினான்.

"இனி இதத் தரையில வைக்கக் கூடாது. வச்சா அங்கனயே இருந்துருவா. கை மாத்திக்கிடலாம். கொண்டு போறவிய திரும்பிப் பாக்கக் கூடாது. சொல்லு அவியகிட்ட."

"அண்ணாச்சி, கார் சீட்டு தரையா, இல்லையா?" என்று சுடலைமுத்து கேட்டான்.

"ஒன் கார்ல கீழ ரோடே தெரியுது. மடியில வைக்கச் சொல்லு."

புறப்படும்போது இருளப்பன் என் பக்கம் வந்தான். "ஊருக்கு நான் சொல்லிக்கிடுதேன். இந்தக் கொடையில பேரு சொல்லித்தான் கூப்பிடப் போறேன். கேக்கிறவன் கேக்கட்டும்" என்றான். பொங்கலைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பன்னிரண்டரைக்குக் கோவில்பட்டி திரும்பினோம். சாப்பிடும்போது முடிச்சு அவள் மடியில். கை கழுவப் போகும்போது என் மடியில். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கிருந்து சென்னை, அங்கிருந்து பம்பாய். இரண்டு இரவு. தனியாள். கழிப்பறைக்குப் போகவேண்டாமா, கண் அசர வேண்டாமா?

சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போனதும் சுடலைமுத்துவிடம், "எனக்கும் சாத்தூருக்கு ஒரு டிக்கெட் எடு" என்றேன்.

"சாத்தூர்ல ஒங்களுக்கு யாரு இருக்கா பெரியம்மா?"

"யாரும் இல்ல. எடு."

வண்டி வந்தது. அவளுடைய பெட்டியில் ஏறிக்கொண்டேன். பரிசோதகர் வந்தால் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தேன், அவர் வரவில்லை. எதிரே நாகர்கோவில் பக்கத்து அம்மாள் ஒருத்தி, கணவரோடு சென்னைக்குப் போகிறாள். பக்கத்து இருக்கையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு வயசாளி. வண்டி நகர்ந்ததும் ஸலீமா சுடலைமுத்துவுக்குக் கையசைக்கக்கூடத் திரும்பவில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, முடிச்சை இரண்டு கையாலும் பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

"கோயில் மண்ணா?" என்று எதிர் அம்மாள் கேட்டாள். முடிச்சின் மேலே இருளப்பன் வைத்த குங்குமத்தைப் பார்த்திருக்கிறாள். பிறகு ஸலீமாவின் துப்பட்டாவையும் பார்த்தாள். அவளுக்குக் குழப்பம்.

"ஒரு தாயி, மகன்கிட்டப் போறா" என்றேன். "அவரு பாட்டு எழுதினவரு." எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். தரையில் வைக்கக்கூடாது என்பதையும் சொன்னேன்.

வயசாளி கண்ணாடியைக் கழற்றினார். "யாரு, கடம்பூரியா?" என்றார். அவர் ரயில்வேயில் வடக்கே வேலை பார்த்தவராம். அந்த ஏரிப் பாட்டை மெல்ல முனகினார். குரல் நன்றாக இல்லை. ஆனாலும் ஸலீமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவர் பாடி முடித்தபிறகு அந்தப் பாட்டின் அர்த்தத்தை நான் அவருக்குச் சொன்னேன். மந்தை எது, சாண் நிலம் எது, யாரோ யார் என்று. அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நாப்பது வருசமா இத வேற மாதிரிப் பாடிக்கிட்டிருந்தேன்" என்றார்.

சாத்தூருக்கு முன்னால் ஸலீமா எழுந்து முகம் கழுவப் போனாள். முடிச்சு என் மடியில். உள்ளங்கை அளவுதான். ஆனால் கனமாக இருந்தது. சாத்தூர் வெளிச்சம் தெரிந்ததும் எனக்குப் பதற்றமாகிவிட்டது. அவள் இன்னும் திரும்பவில்லை.

எதிர் அம்மாள் பாட்டில் தண்ணீரில் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, மடியை விரித்தாள். "இங்கன தாங்க. சென்னை வர எங்கிட்ட இருக்கட்டும். அங்கன பம்பாய் வண்டியிலயும் ஒரு நல்ல ஆளாப் பாத்துச் சொல்லி விடுதோம்" என்றாள். "நடுவுல நானும் வச்சுக்கிடுவேன்" என்றார் வயசாளி. அந்த அம்மாளின் கணவர், இருக்கையில் கிடந்த தன் செய்தித்தாளை எடுத்து இடம் ஒதுக்கினார்.

நான் கொடுத்தேன். ஸலீமா வருவதற்குள் வண்டி நின்றுவிட்டது. இரண்டு நிமிடம்தான் நிற்கும். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு இறங்கினேன். பிளாட்பாரத்தில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் திரும்பி வந்து, முடிச்சு அந்த அம்மாள் மடியில் இருப்பதைப் பார்த்தாள், என் இடம் காலியாக இருப்பதைப் பார்த்தாள். வயசாளி ஜன்னலைக் காட்டி ஏதோ சொன்னார்.

வண்டி நகர்ந்தது. அவள் முடிச்சை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, வண்டி போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்தாள். கடைசிப் பெட்டி போகிறவரைக்கும் நான் நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.